குறை நம்பர் ஒண்ணு: கோழி

சங்கரன் ஒரு பொருளைப் பார்த்து 'நல்லாருக்குது' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. மராத்திக்காரர் ஊரான கட்கியில், பட்டாளத்து ஃபாக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் அவருக்குச் சம்பளமே குறை கண்டுபிடிக்கத்தான். எக்ஸாமினர் என்று பேர். செய்து முடித்த சாமான் அவர் மேஜைக்கு வரும். கேஜ் வைத்து அளந்து பார்ப்பார், டார்ச் அடித்துப் பார்ப்பார், நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். கோளாறு என்றால் சிவப்பு மையால் ஒரு கோடு. கோளாறு இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை எடுப்பார். அதுதான் அவருடைய பாராட்டு. ஃபாக்டரிக்கு அப்படிப்பட்ட ஆள் வேண்டும்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணியது ஃபாக்டரி இல்லையே, பவுன்தானே.

பவுன் கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் வேலைக்கு வந்த குடும்பம். எழுபத்து நாலாம் வருஷம் சங்கரன் அவளைப் பெண் பார்க்க வந்தார். பஜ்ஜியைத் தின்றுவிட்டு "காரம் ஒரு நூல் கம்மி" என்றார். அவளை நடக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், ஜன்னலோரம் வெளிச்சத்தில் நிற்கச் சொன்னார். கடைசியில் கையைக் கழுவிக்கொண்டு, "பாத்துட்டுச் சொல்றேன்" என்று கிளம்பிவிட்டார். அப்படி மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் அதே பேச்சு. அப்புறம் திருவண்ணாமலையிலிருந்து அவருடைய அப்பாதான் பொறுமை போய் நாள் குறித்துக் கடுதாசி போட்டார். கல்யாணம் ஆயிற்று, சுப்ரஜா பிறந்தாள், சுப்ரஜாவும் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். சொல்றேன் என்ற மனுஷன் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

சிரிக்காதீங்க. கேட்கிறவர்களுக்குத்தான் இது தமாஷ். பவுன் கேட்காமலும் இல்லை. முதல் ராத்திரியே கேட்டாள். "இப்ப இன்னா அவசரம்?" என்று படுத்துக்கொண்டார். இருபத்து நாலு வருஷமாக அவள் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தாள், அவர் உப்பு ஒரு நூல் தூக்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை, செத்துப்போவதற்குள், உன்னைப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறாய் என்று அந்த வாயால் சொல்லக் கேட்டுவிட வேண்டும். பவுனுக்கு வேறு ஆசை கிடையாது.

இந்த நிலைமையில்தான் அந்த வண்டி வந்து சேர்ந்தது.

தொண்ணூற்று எட்டு. கணபதி கரைத்து ஒரு வாரம் இருக்கும். அதே செக்‌ஷனில் வேலை பார்க்கிற அந்தோணி வந்து, கண்டோன்மென்ட் பக்கம் கானிட்கர் பாயி என்கிற மராத்திக்காரம்மாவின் பங்களாவில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் விலைக்கு இருக்கிறது என்றான். ரெண்டே சீட்டு, சீமையில் செய்தது. பாயியின் புருஷன் மேஜர், அறுபத்தொன்றில் ஆசையாக வாங்கியது. முதல் பயணத்திலேயே கண்டாலா மலையேற்றத்தில் அது நின்றுபோக, பாயி லாரியில் ஏறி வீட்டுக்கு வந்தாளாம். அன்றைக்கு ஷெட்டில் போட்டதுதான். மேஜர் போய்ச் சேர்ந்தார், வண்டி அங்கேயே கிடந்தது. எந்தக் கம்பெனி என்றுகூடத் தெரியாது, பேர் எழுதின பில்லையை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

சங்கரனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிள்தான். அப்படியிருக்க, அந்தோணி சும்மா பேச்சுக்குச் சொன்ன விஷயத்துக்கு அவர் உடனே கிளம்பியது பவுனுக்கு ஆச்சரியம். கூடவே போனாள்.

பங்களா கேட்டிலேயே மராத்தியில் ஒரு போர்டு. 'ஒரு தடவை பெல் அடித்தால் எங்களுக்குக் கேட்கும். இரண்டாம் தடவை அடித்தால் கேட்காது.' அதற்குக் கீழே, 'ஒன்றிலிருந்து நாலு வரை யாரும் சாக வேண்டாம், தூங்குகிறோம்.' சங்கரனுக்கு மராத்தி கேட்டால் புரியும், படிக்க வராது. பவுன் படித்துச் சொல்ல, அவர் ஒரே ஒரு தடவை, அளந்து அடித்தார். பாயி வந்தாள். ஒல்லியான உடம்பு, கையில் சாவிக்கொத்து, முகத்தில் உலகத்தின் மேல் ஒரு புகார். ஷெட்டைத் திறந்துவிட்டாள்.

அடேயப்பா! அதை வண்டி என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். பானெட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு கொய்யாக் கிளை. டிரைவர் சீட்டில் ஊறுகாய் ஜாடிகள் வரிசையாக, பெல்ட் போடாத குறை. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல். பின்பக்க டிக்கியில் ஒரு கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. அது சங்கரனை முறைத்தது.

பவுன் வண்டியைப் பார்க்கவில்லை, புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் மலர்ந்து போயிருந்தது! பெண் பார்க்க வந்த மூன்று தடவையும் காணாத மலர்ச்சி.

"ஏம்மே," என்றார் சங்கரன். "இவ்ளோ குறைய ஒரே எடத்துல நான் பாத்ததே இல்ல."

பாயி நாற்பதாயிரம் என்றாள். பேரம் கிடையாது என்பதற்கும் ஒரு போர்டு வைத்திருந்தாள். சங்கரன், "பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். பவுன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாளே பாங்குக்குப் போய் சேமிப்பை எடுத்து, பாயியின் பேரில் நாற்பதாயிரத்துக்கு ஒரு டிராஃப்ட் எடுத்துவிட்டார். பிடித்துப்போனால் கையோடு கொடுத்துவிடலாமாம். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு புது ரிஜிஸ்தர் வாங்கி, கோடு போட்டு, முதல் பக்கத்தில் எழுதினார்: 'குறை நம்பர் ஒண்ணு: கோழி.'

இங்கே அவருடைய வேலை முறையைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது யாருக்கும் புரியாது. அவரைப் பழக்கிய பெரிய எக்ஸாமினர் ஒருவர் சொல்லிக்கொடுத்த விதி அது. ஒரு குறை இன்னொரு குறையை மறைக்கும். ஆகையால் முதல் குறை நீங்கினால்தான் ரெண்டாவது குறையை எழுத வேண்டும். நீங்காமல் எழுதினால் பரிசோதனை செல்லாது. ஃபாக்டரியில் நீக்குவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? கோழிதான் இருந்தது.

அடைகாக்கிற கோழியை எழுப்பக் கூடாது என்று பாயி சொல்லிவிட்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை சங்கரன் சைக்கிளை மிதித்துப் போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோழியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நாலாவது ஞாயிறு எட்டுக் குஞ்சு பொரித்து, கோழி குடும்பத்தோடு வெளிநடப்பு செய்தது. சங்கரன் ரிஜிஸ்தரில் 'நீங்கியது' என்று போட்டு, 'குறை நம்பர் ரெண்டு: கோழி எச்சம்' என்று எழுதினார்.

எச்சத்தைச் சுரண்டினால் துரு. துருவைச் சுரண்டினால் ஓட்டை. ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தால்தான் அதன் பக்கத்தில் இருக்கிற விரிசல் தெரியும். விரிசலை ஒட்டினால்தான் மேலே கீல் கோணலாக இருப்பது புலப்படும். கீலுக்காகப் புதன்கிழமை வேலை முடிந்து ஜூனா பஜார் போய்ப் பழைய இரும்புக் குவியலைக் கிளறினார். ஒரு ஸ்குருவுக்காக நாலு புதன்கிழமை அலைந்தார். கொய்யாக் கிளையை வெட்டுவதற்கு முன் பாயியிடம் எழுத்தில் அனுமதி வாங்கினார்.

"இன்னாங்க, மெக்கானிக் வேலையெல்லாம் பண்றீங்க?" என்றாள் பவுன்.

"ச்சீ! வாங்காத வண்டிய எவனாச்சும் ரிப்பேர் பண்ணுவானா? நான் இன்னா பைத்தியமா? செக் பண்ணிக்கினு இருக்கேன்."

தீபாவளிக்கு அப்புறம் பவுனும் ஞாயிற்றுக்கிழமைகளில் நிரந்தரமாகக் கூடப் போக ஆரம்பித்தாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன பண்ணுவது? டப்பாவில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவாள். ஊறுகாய் ஜாடிகள் (குறை எழுபத்தொன்றிலிருந்து எழுபத்தொன்பது வரை) சீட்டைக் காலி பண்ணியதும் அந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள். கீரை ஆய்ந்தாள். ஸ்டியரிங் சக்கரத்தில் நூல் சுற்றினாள். பாயி ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு எதிரே உட்காருவாள், ரெண்டு பேரும் மராத்தியில் ஊர்வம்பு பேசுவார்கள். வண்டிக்கடியிலிருந்து ரெண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

"உன் புருஷன் என் வண்டியை வாங்குவானா, மாட்டானா?" என்பாள் பாயி.

"பாத்துக்கிட்டு இருக்காரு பாயி."

ஆறு மாசத்தில் டிராஃப்ட் காலாவதி ஆகிவிடும். சங்கரன் பாங்குக்குப் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்தார். அடுத்த ஆறு மாசம், மறுபடி. மூன்றாவது தடவை போனபோது கவுன்டரில் இருந்த ஆள் எழுந்து நின்று வணக்கம் சொன்னானாம். ஐந்தாவது தடவை பாங்கு மேனேஜரே வண்டியைப் பார்க்க ஷெட்டுக்கு வந்துவிட்டார்!

மேனேஜர் மட்டுமா வந்தார்? விஷயம் பரவி, ஃபாக்டரி ஆட்கள், பட்டாளத்து ஆட்கள், எவனெவனோ வந்தான். கூட்டம் சேரச் சேரப் பாயியின் போர்டுகளும் சேர்ந்தன. 'வண்டி விற்பனைக்கு. வேடிக்கை பார்ப்பவர்கள் சொந்த வீட்டில் வேடிக்கை பார்க்கவும்.' 'வண்டி பழுது பார்க்கப்படவில்லை, பார்க்கப்படுகிறது.' கடைசியாக ஒன்று, சங்கரனுக்கென்றே எழுதியது: 'பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பவர்கள் கண் டாக்டரைப் பார்க்கவும்.' பவுன் அதை மட்டும் அவருக்குப் படித்துச் சொல்லவில்லை. மனசுக்குள் பாயிக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

ரெண்டாயிரத்து ஒன்றின் தொடக்கத்தில் மூன்றாவது ரிஜிஸ்தர் நிரம்பியது. குறை நம்பர் ஆயிரத்து நூற்றுப் பதினேழு, பிரேக். பிரேக்குக் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருத்தர் சக்கரத்தோரம் படுத்து மூடியைத் திறக்க வேண்டும்.

"ஏம்மே, அமுக்கு."

அமுக்கினாள்.

"புடி. புடி. விடாத. ஆங், இப்ப விடு. அமுக்கு."

ஒரு வருஷம் இப்படியே போயிற்று. பிரேக் முடிந்து க்ளட்ச், க்ளட்ச் முடிந்து ஆக்ஸிலேட்டர். பவுனின் கால்களுக்கு அந்த மூன்று பெடலும் வீட்டு அம்மிக்கல் மாதிரி பழகிப்போயின. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதிப்பாள். எஞ்சினை முதல் தடவை ஓடவிட்ட அன்றைக்கு அவளே சாவியைத் திருப்பினாள். அது ரெண்டு தும்மல் தும்மி, உறுமி, ஷெட்டுக் கூரையிலிருந்து நாற்பது வருஷத்துத் தூசி அத்தனையையும் நாலு பேர் தலையிலும் கொட்டியது. பாயி கை தட்டினாள். பவுனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தோணி விசில் அடித்தான்.

சங்கரன் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சத்தம் ஒரு நூல் தூக்கல்" என்று எழுதினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில், சைக்கிள் பின்சீட்டில் உட்கார்ந்தபடி பவுன் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "நெஜமா சொல்லுங்க. வாங்கப் போறீங்களா, இல்லியா? வாணாம்னா வாணாம்னாச்சும் சொல்லித் தொலைங்களேன். மூணு வருஷம் ஆச்சு."

"எப்படி சொல்றது? கியர் பாக்கல இன்னும்."

"அதையும் பாத்துட்டு?"

"பாத்தாதானே தெரியும், பாத்துட்டு இன்னா இருக்குன்னு."

"என்னக்கூட இப்படித்தான் பாத்தீங்க," என்றாள் பவுன். "இன்னும் பாத்துக்கினே இருக்கீங்க."

சங்கரன் பெடலை மிதித்தார். அவள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தாள், வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது, முன்பையில் டிராஃப்ட் உறை துருத்திக்கொண்டிருப்பது பார்க்காமலே தெரியும். இந்த வண்டிக்கு ஒரு முடிவு சொல்ல வைத்தால் தனக்கும் ஒரு முடிவு வரும் என்று அவளுக்கு ஏனோ தோன்றிவிட்டது. வண்டிக்கே சொல்ல மாட்டார் என்றால் தன் கதை அவ்வளவுதான்.

கியர் என்றால் அதிலும் அதே விதி. ஒண்ணாவது கியர் சரி என்று ஆகாமல் ரெண்டாவது கியரைத் தொடக் கூடாது. வண்டி செங்கல் மேல் நிற்க, பவுன் க்ளட்சை அமுக்கி ஒண்ணாவது கியரைப் போட்டு மெல்ல விடுவாள். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். சங்கரன் தரையில் காது வைத்துப் படுத்துக்கொண்டு கேட்பார். ஏதோ ஒரு சத்தம் இருக்கிறது என்பார். பவுனுக்குக் கேட்காது, பாயிக்குக் கேட்காது, அந்தோணிக்கும் கேட்காது. அப்படி ஒன்பது மாசம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், பவுன் நகராத வண்டியை ஒண்ணாவது கியரில் ஓட்டினாள். இதற்குள் வண்டி எப்படி ஆகிவிட்டது தெரியுமா? பாசிப்பச்சையில் பெயின்ட், முகம் பார்க்கலாம். கம்பிச் சக்கரம் நாலும் பளபளவென்று. அந்தோணி வந்து பார்த்து, "சங்கரண்ணே, கண்ணு பட்டுடும், ஒரு எலுமிச்சம்பழமாச்சும் கட்டுங்க" என்றான்.

"வாங்காத வண்டிக்கு எதுக்குடா எலுமிச்சம்பழம்?" என்றார் சங்கரன்.

ரெண்டாயிரத்து ரெண்டு, நவராத்திரி தொடங்கிய வாரம். பாயி நாற்காலி போட்டு உட்காராமல் நின்றபடியே பேசினாள். பங்களாவை பில்டரிடம் கொடுத்தாயிற்று. தசராவுக்கு முந்தின நாள் நாசிக்கிலிருந்து மகள் வருகிறாள், பாயியை அழைத்துக்கொண்டு போக. லோணாவாலாவில் ரிசார்ட் கட்டுகிற ஒருத்தன் வண்டியைக் கேட்டிருக்கிறான். அன்றைக்கு நாலு மணிக்கு லாரியோடு வருவான்.

"ஓட்டுவதற்கா?" என்றாள் பவுன்.

"வாசலில் நிறுத்தி மண் கொட்டிப் பூச்செடி வைக்கப் போகிறானாம்," என்றாள் பாயி, சங்கரனைப் பார்த்து. "நாலு மணி வரைக்கும் உனக்கு நேரம். வாங்குகிறதானால் வாங்கு. இல்லையென்றால் உன் டார்ச்சை எடுத்துக்கொண்டு போ. நானும் நாலு வருஷம் பொறுத்துவிட்டேன்."

சங்கரனுக்கு முகம் வெளுத்துவிட்டது. எஞ்சினுக்குள் மண்ணா! ஆனாலும் வாயிலிருந்து வந்தது என்னவோ, "அன்னைக்குக் காலைல வந்து கடைசியா ஒரு தடவ முழுசா பாத்துட்டுச் சொல்றேன்" என்பதுதான். அவ்வளவும் மறுபடி முதலிலிருந்து என்று அர்த்தம். பவுனுக்கு நன்றாகத் தெரியும்.

வழியெல்லாம் அவள் யோசித்தாள். தசராவுக்கு முந்தின நாள் என்றால் என்ன நாள்? பவுனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அன்றைக்குக் காலையில் சங்கரன் குளித்துவிட்டு வந்தபோது கூடத்தில் பலகை போட்டு, சிவப்புத் துணி விரித்து, ஆயுத பூஜை முடிந்திருந்தது. சந்தனம், குங்குமம், பொரிகடலை. பலகையின் மேல் வரிசையாகக் கேஜ், டார்ச், ஸ்பேனர் மொத்தமும், ஸ்குருடிரைவர், மூன்று ரிஜிஸ்தரோடு பாதி எழுதின நாலாவது, சிவப்பு மைப் பேனா. எல்லாவற்றுக்கும் பொட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, துளசியோடு, அவருடைய மூக்குக்கண்ணாடி.

"ஏம்மே! கண்ணாடிய ஏம்மே வெச்ச?"

"அதுவும் உங்க ஆயுதந்தானே? அதில்லாம இன்னா வேல பண்ணியிருக்கீங்க இத்தன வருஷம்?"

"இன்னைக்கு வண்டி பாக்கணும்டீ!"

"பாருங்க. யாரு வாணாம்னா? நாளைக்குப் புனர்பூஜை பண்ணித்தான் எடுக்கணும். கண்ணாடிய எடுத்தீங்கன்னா சரஸ்வதி பாத்துக்கினு இருக்கா. அப்புறம் உங்க இஷ்டம்."

சங்கரன் பலகையைச் சுற்றி வந்தார். கையை நீட்டினார், மடக்கினார். ஒரு நூல் பிசகாத மனுஷனுக்குச் சாமி விஷயத்தில் பிசகத் தைரியம் வருமா? முப்பது வருஷமாக ஆயுத பூஜையன்றைக்கு ஒரு கத்தரிக்கோலைக்கூடத் தொடாதவர். வெறுங்கையோடு, டிராஃப்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். பவுன் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். ஒரு பை நிறைய சாமந்தி மாலை வைத்திருந்தாள்.

அங்கே ரிசார்ட்டுக்காரனின் ஆட்கள் காலையிலேயே வந்து, செங்கல்லை உருவி, வண்டியைத் தரையில் இறக்கி, ஷெட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். நாற்பது வருஷத்துக்கப்புறம் வெயில் பட்டதில் அது தகதகத்தது. தெருவில் எங்கே பார்த்தாலும் வண்டிகளுக்கு மாலை. மராத்திக்காரர்களுக்கும் அன்றைக்குத்தானே வண்டி, ஆயுதம் எல்லாவற்றுக்கும் பூஜை. பவுன் தன் மாலைகளை எடுத்து வண்டிக்குப் போட்டாள்.

சங்கரன் சட்டையைக் கழற்றிக் கொய்யா மரத்து ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு சுற்ற ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாமல் எதுவும் துலங்கவில்லை. மூக்கு உரசும்படிக் குனிந்தார். கையால் தடவினார். முகர்ந்து பார்த்தார். டயரைத் தட்டினார். ஒரு சுற்று, ரெண்டு சுற்று, ஏழு சுற்று. அவர் சுற்றுவது தெரியாதவனுக்குப் பிரதட்சிணம் மாதிரி இருந்திருக்கும். மத்தியானம் ஆயிற்று. பாயி தூங்கப் போகவில்லை, ஒன்றிலிருந்து நாலு வரை அவள் விழித்திருந்ததை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது. வராந்தாவில் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றே முக்கால். சங்கரன் நின்றார்.

"பவுனு," என்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷமோ! "ஒரு குறையும் ஆப்படல."

"அப்ப சரின்னு சொல்லுங்க."

"எப்படி சொல்றது? கண்ணாடி இல்லாம பாத்தா ஒரு குறையும் தெரியலன்னா, குறை இல்லன்னு அர்த்தமா? கண்ணாடி இல்லன்னு அர்த்தம்." அப்புறம் அவர் முகம் சட்டென்று தெளிந்தது. "இரு, இரு. ஒண்ணு கீது. எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்ட ஆள் இல்ல! இதவிடப் பெரிய குறை இன்னா வேணும்? ரிஜெக்ட்."

அவ்வளவு நிம்மதி அவர் குரலில். பவுனுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. நாலு வருஷம் கூட உட்கார்ந்தவள் யார்? அமுக்கினவள் யார்? புடித்தவள் யார், விட்டவள் யார்? ஓட்ட ஆள் இல்லையாம்!

அவள் நேரே கொய்யா மரத்துக்குப் போனாள். ஆணியில் தொங்கின சட்டையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள், வராந்தாவுக்குப் போய்ப் பாயி கையில் கொடுத்தாள். டிராஃப்ட் பாயி பேரில்தான் இருந்தது. அதற்குச் சங்கரன் கையெழுத்தும் வேண்டாம், சம்மதமும் வேண்டாம். பாயி பிரித்துப் பார்த்து, தேதியைப் பார்த்து, சாவியையும் ஊறுகாய் வாசனையடிக்கிற காகிதக் கட்டையும் பவுன் மடியில் போட்டாள். "சீக்கிரம் போடி," என்றாள் மராத்தியில். "லாரி வந்துவிடப் போகிறது."

பவுன் செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தாள். சாவி. க்ளட்ச். ஒண்ணாவது கியர். மெல்ல விட்டாள். ஒன்பது மாசமாக அந்தரத்தில் சுற்றின சக்கரம் இந்தத் தடவை மண்ணைப் பிடித்தது. ஐயோ, நகர்கிறது! உலகமே பின்னால் போகிறது! ஸ்டியரிங்கில் நூல் சுற்றியிருக்கிறாளே தவிர அதைத் திருப்பியதில்லை. கேட்டின் இடது தூணை ஒரு விரற்கடை விட்டு, 'ஒரு தடவை பெல்' போர்டை மட்டும் பெயர்த்துக்கொண்டு, வண்டி தெருவுக்கு வந்துவிட்டது.

"நிறுத்துடீ! நான் இன்னும் கையெழுத்துப் போடல!" சங்கரன் பனியனோடு சைக்கிளில் துரத்தினார்.

ஒண்ணாவது கியர் என்ன வேகம் போகும்? சைக்கிள் பக்கத்திலேயே வந்துவிட்டது. கட்கி பஜாரில் ஜனம் ஒதுங்கி வழிவிட்டது. மாலை போட்ட பச்சை வண்டி, உள்ளே பட்டுப்புடவைக்காரி, பம்பரில் சிக்கின மராத்தி போர்டு, கூடவே பனியனில் ஒரு பெரியவர். ஏதோ ஊர்வலம் என்று நினைத்து, மாலை போட்ட ஸ்கூட்டர்கள் நாலைந்து பின்னால் சேர்ந்துகொண்டன. அப்புறம் ஒரு டெம்போ. யாரோ தேங்காய் உடைத்தார்கள். எதிரே காலி லாரி ஒன்று வந்தது, ரிசார்ட்டுக்காரனுடையதாகத்தான் இருக்கும். அதன் டிரைவரும் கும்பிடு போட்டு ஓரம் கட்டினான்.

சங்கரன் திட்டுவதை நிறுத்தியிருந்தார். தலையைச் சாய்த்துக்கொண்டு, வண்டியோடு ஒட்டி மிதித்துக்கொண்டு, எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேக்குதா?" என்று கத்தினாள் பவுன்.

"இல்ல," என்றார். திகைத்துப்போய் மறுபடி சொன்னார், "இல்லம்மே."

ரயில்வே கேட்டுக்கு முன்னால் பவுன் பிரேக்கை அமுக்கினாள். பெடல் கல் மாதிரி நின்றது. வண்டியும் நின்றது, ஊர்வலமும் நின்றது. சங்கரன் சைக்கிளைச் சுவரோரம் சாத்திவிட்டுக் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நாலு வருஷத்தில் அவர் அந்த வண்டிக்கு அடியில்தான் இருந்திருக்கிறாரே தவிர உள்ளே உட்கார்ந்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். ரயில் போய்க்கொண்டிருந்தது.

பவுன் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வண்டியை வாங்கியாயிற்று, அது போதும் என்று நினைத்துக்கொண்டாள். போதாது என்றும் தெரிந்தது.

சங்கரன் அவள் பக்கம் திரும்பினார். கண்ணாடி இல்லாததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பக்கத்தில் குனிந்து, நிதானமாகப் பார்த்தார். நெற்றியில் வழிந்த குங்குமத்தைப் பார்த்தார், கலைந்த தலையைப் பார்த்தார், பெடல் மேல் இருந்த வெறுங்காலைப் பார்த்தார்.

"உங்க வூட்ல வெச்சி, பாத்துட்டுச் சொல்றேன்னு சொன்னேன் இல்ல? எழுபத்து நாலுல?"

பவுன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "ஆமா."

"பாத்துட்டேன்," என்றார் சங்கரன். "சரியாத்தான் கீற. அப்பவே சரியாத்தான் இருந்த."

பவுன் அழுதாள். பஜார் ஜனம், ஸ்கூட்டர்காரர்கள், டெம்போக்காரன் எல்லாரும் பார்க்க, ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு, இருபத்தெட்டு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். கேட் திறந்தது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்ப வண்டி?"

"வண்டிக்கு இன்னா அவசரம்?" என்றார் சங்கரன். "நாளைக்குக் கண்ணாடி போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன். நீ க்ளட்ச அமுக்கு, ரெண்டாவது கியர் எப்படி கீதுன்னு பாக்கலாம்."

பவுன் அமுக்கினாள்.